சட்டையோடு குளிக்கும் தலைமுறை

குற்றாலத்துக்குச் சமீபத்தில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். ஆண்கள் குளிக்கிற பக்கத்தில், அருவிக்கு அடியில் நிற்கும் இளவட்டங்களில் பலர் டி-ஷர்ட்டைக் கழற்றுவதே இல்லை. தண்ணீர் தலையில் அறைகிறது, துணி உடம்போடு ஒட்டுகிறது, பையன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறான். வயிறு தெரியக் கூடாதாம், மார்பு தெரியக் கூடாதாம். குளிக்க வந்தானா, சட்டை துவைக்க வந்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அதில் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், "நல்லதுதானே அண்ணாச்சி, ஆம்பளைப் பயலுகளுக்கும் இப்பத்தான் வெக்கம் வந்திருக்கு. நாகரிகம் வளருது" என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். இந்தத் தலையாட்டலைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நடையில் பேசி முடிக்கிற விஷயமாகவும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெட்கம் என்றால் என்ன? பிறர் பார்வைக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று அறிந்து நடப்பது. அது நமக்கும் இருந்தது. நம் அப்பாமார்களுக்கு நம்மைவிட அதிகமாக இருந்தது. இந்தப் பையன்களிடம் இருப்பது வேறு சரக்கு. "என் உடம்பு சரியில்லை, அதை எவனும் பார்த்துவிடக் கூடாது" என்கிற பயம் அது. இதே பையன், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சத்தைச் சரி பண்ணி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் மார்போடு படம் எடுக்கிறான். நாற்பதில் ஒன்றைப் பொறுக்கி, அதையும் போனிலேயே திருத்தி, இன்ஸ்டாகிராமில் போடுகிறான். அருவியில் பத்துப் பேர் பார்க்கக் கூடாத உடம்பை ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கலாம் என்றால், அதற்கு வெட்கம் என்று பெயர் வைக்க முடியுமா? காட்டுகிறவன் ஒருவன், மறைக்கிறவன் வேறொருவன் என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் இரண்டும் ஒரே பிள்ளைதான்.

நம் காலத்துப் படித்துறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எனக்குக் குறுக்குத்துறை. தாமிரபரணிக்கு நடுவே முருகன் கோயில், வெள்ளம் வந்தால் மூழ்குகிற கோயில். விடியக்காலையில் துறைக்குப் போனால் தெருவில் உள்ள ஆண்கள் முக்கால்வாசிப் பேரும் அங்கே இருப்பார்கள். வக்கீல், குமாஸ்தா, பலசரக்குக் கடைக்காரர், வைத்தியர், பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாரும் ஒரே வரிசை. பெரியவர்கள் அரைஞாண் கயிற்றில் கோவணம், மற்றவர்கள் இடுப்பில் ஒரு ஈரிழைத் துண்டு. அவ்வளவுதான் உடை. சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் கிண்ணமும் கூட வரும். முதுகு தேய்க்கக் கை எட்டாதவர் பக்கத்தில் இருப்பவரிடம், "தம்பி, இதைக் கொஞ்சம் தேய்ச்சு விடும்" என்று முதுகைத் திருப்பிக் காட்டுவார். முன்பின் தெரியாதவன்கூடத் தேய்த்து விடுவான். இன்றைக்கு ஒரு பையனிடம் இப்படி முதுகைக் காட்டினால் போலீசைக் கூப்பிடுவானோ என்னவோ.

இதெல்லாம் கூச்சநாச்சமில்லாத கூட்டம் என்று நினைத்தால் தப்பு. குளித்து முடித்து ஈரத்துண்டிலிருந்து வேட்டிக்கு மாறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த வேட்டியை ஈரத்துண்டுக்கு மேலே சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே கையை விட்டு முடிச்சை அவிழ்த்தால், ஈரத்துண்டு பொத்தென்று காலடியில் விழும். அதற்குள் வேட்டி இடுப்பில் ஏறி நின்றிருக்கும். நூறு பேர் நடுவில், திறந்த வெளியில், ஒரு அங்குலம் அதிகம் தெரியாமல் உடை மாற்றுகிற வித்தை அது. ஏழு வயதில் கற்றுக்கொடுத்தார்கள். துறையில் துணியில்லாமல் இறங்கினால், சின்னப் பையனாக இருந்தாலும் யாராவது ஒரு பெரியவர் அதட்டுவார். ஆசாரக்கோவை பழைய நூல், பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. உடையில்லாமல் நீராடக் கூடாது, ஒற்றை ஆடையோடு சாப்பிடக் கூடாது என்றெல்லாம் அதிலேயே விதி இருக்கிறது. ஆக, ஒழுங்கு என்பது இப்போது வந்து இறங்கியது இல்லை.

பார்வைக்கும் விதி இருந்தது. எழுதி வைக்காத விதி. யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்க்காமலும் இருக்க முடியாது, கண் இருக்கிறதே. பட்டும் படாமலும் பார்த்துவிட்டு அரசியல் பேசுவார்கள், நெல் விலை பேசுவார்கள். ஒருவனுடைய உடம்பைப் பற்றித் துறையில் யாராவது பேசினால், அதில் ஒரு காரியம் இருக்கும். "என்னவே, முதுகுல தேமல் மாதிரி படருதே, வைத்தியர்ட்ட காட்டினீரா?" என்பார்கள். கேலியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேலி பண்ணுகிறவனுக்கும் உடம்பில் அதே அளவு துணிதான், அவனுக்கும் ஒரு தொப்பையோ கூனோ இருக்கும். திருப்பி ஒன்று வாங்கிக்கொண்டுதான் போவான்.

அங்கே ஒரு பையன் என்ன கற்றுக்கொண்டான் என்பதுதான் எனக்கு முக்கியம். மனித உடம்பு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டான். எழுபது வயதில் மார்புத் தோல் தொங்கும். குடும்பஸ்தனுக்கு வயிறு விழும். ஒருத்தனுக்கு உடம்பெல்லாம் ரோமம், ஒருத்தனுக்கு மழமழவென்று. ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி. அம்மைத் தழும்பு முகத்தோடு நிற்காமல் மார்பெல்லாம் குழிகுழியாக இருக்கிறவர்கள் எத்தனை பேர்! (1977-ல் பெரியம்மை நாட்டை விட்டே ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். இன்றைய பையன்கள் அந்தத் தழும்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.) யானைக்கால் வந்தவர், விரைவீக்கத்தோடு கால் அகட்டி நடப்பவர், வெண்புள்ளி விழுந்தவர், ஆபரேஷன் தையல் தடம் உள்ளவர், எல்லாரும் அதே தண்ணீரில்தான் இறங்கினார்கள். நூறு உடம்பைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தன் உடம்பு நூற்றியொன்றாவது, அவ்வளவுதான். அதற்காக யாரும் தனியாகத் தூக்கம் கெட்டது இல்லை.

இந்த இடத்தில் என்னை நிறுத்திக் கேள்வி கேட்கிறவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டியதும்தான். "எல்லாரும் ஒரே வரிசை" என்று எழுதினேன். அந்த எல்லாரில் யார் இல்லை? சாதிக்கொரு துறை இருந்த ஆறு அது. துறை பிரிந்தது போதாதென்று உடம்பில் எவ்வளவு துணி இருக்கலாம் என்பதையும் சாதி பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். பெரிய தெருவில் நுழையும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டிய மனிதர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சட்டை போட்டதற்காக அடிபட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். நமக்குத் தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போடுவதற்கே பல்லாண்டுப் போராட்டம் நடந்து, 1859-ல்தான் அரசர் அனுமதித்து ஆணை போட்டார். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரையாடைக்கு மாறினார். ஏழைகளைப் போல உடுத்த வேண்டும் என்று அவர் கழற்றினார். அம்பேத்கரோ கோட்டும் சூட்டும் டையுமாகவே நின்றார். கழற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பிரதிநிதி அவர், அவர் ஏன் கழற்ற வேண்டும்? இரண்டு பேர் செய்ததும் சரி என்பதே என் எண்ணம். விரும்பிக் கழற்றுவது ஒன்று, அதிகாரத்துக்குப் பயந்து கழற்றுவது வேறொன்று.

கோயிலுக்கும் இதைத்தான் சொல்வேன். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். குருவாயூரிலும் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலிலும் அப்படியே. 2024 கடைசியில் கேரளத்துச் சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று பேசினார். பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் என்று காரணம் சொன்னார். கேரள முதல்வரும் ஆதரித்தார், பெரிய சர்ச்சை ஆனது. கட்டாயம் வேண்டாம் என்ற பக்கம்தான் நான். ஆனால் அங்கே வரிசையில் நிற்கிற இளைஞர்களைப் பாருங்கள். கடைசி நிமிஷம் வரை சட்டையைக் கழற்றாமல் நின்று, கழற்றியதும் அதை மார்புக்கு நேரே பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல அணைத்துக்கொள்கிறார்கள். அவர்களை வதைப்பது சாதியும் இல்லை, ஆகமமும் இல்லை. பின்னால் நிற்கிறவன் தன் இடுப்புச் சதையைப் பார்த்துவிடுவானோ என்ற கவலை.

இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நாங்க காலங்காலமாப் படுற பாட்டை உங்க பேரன்மாரு இப்பத்தான் பட ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்குப் போயி இவ்வளவு எழுதணுமாக்கும்?" நியாயம்தான். பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் இருட்டோடு குளித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். கறுப்பு, சிவப்பு, குட்டை, குண்டு என்று பெண் பார்க்க வந்தவன் எல்லாம் மார்க் போட்டுவிட்டுப் போனான். அந்த மார்க் போடுகிற பழக்கம் இப்போது ஆண்கள் பக்கமும் வந்துவிட்டது. பெண்களுக்கு அதிலிருந்து விடுதலை கிடைத்து, ஆண்களுக்கும் வராமல் போயிருந்தால் அதை நாகரிகம் என்று நானும் தலையாட்டியிருப்பேன். நடந்ததோ தலைகீழ்.

எப்படி மாறியது? ஒரு நாளில் மாறவில்லை. வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது, பிறகு அறைக்கு அறை வந்தது. நல்லதுதான், வயதான காலத்தில் அதன் அருமை நமக்கே தெரிகிறது. ஆற்றில் சாக்கடை கலந்தது, துறைக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். கல்லூரி விடுதியில் நாங்கள் நீளத் தொட்டியைச் சுற்றி நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்தோம். இப்போது விடுதியிலும் தனித்தனிக் கதவு. ஆக, ஒரு பையன் பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை, தன் அப்பாவின் வெறும் முதுகைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வளர முடியும். அந்த வெற்றிடத்தில் சினிமா வந்து உட்கார்ந்துகொண்டது.

சினிமாவில் முன்பும் கட்டுமஸ்தான உடம்பு இருந்தது. எம்.ஜி.ஆர். உடற்பயிற்சிக்குப் பேர்போனவர். சின்னப்பா தேவருக்குப் பட்டமே சாண்டோ. யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வான் 1905 வாக்கில் இந்தியாவுக்கெல்லாம் வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போனவர். நாம் போடுகிற கையில்லாத பனியனில் இன்றும் அவர் பேர் இருக்கிறது. ஆகவே உடம்பைப் பார்த்து வியப்பது புதிதல்ல. ஆனால் பயில்வான் என்றால் ஊருக்கு ஒருவர். அவரைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு அவரவர் தொப்பையோடு வீட்டுக்குப் போனோம். சிவாஜி கணேசனுக்கு வயிற்றில் எத்தனை மடிப்பு என்று எவனும் எண்ணவில்லை. கட்டபொம்மனாக நின்றபோது அது தேவைப்படவும் இல்லை. 2007-ல் இந்தியில் ஷாருக் கான், அடுத்த வருஷம் தமிழில் 'வாரணம் ஆயிரம்' சூர்யா, 'சத்யம்' விஷால் என்று சிக்ஸ் பேக் வந்து இறங்கியதும், பயில்வானுக்கு மட்டும் உரியது எல்லாப் பையனுக்கும் கட்டாயப் பாடமாகிவிட்டது. அந்த நடிகர்கள் மாதக்கணக்கில் பயிற்சியாளர் வைத்து, உப்பைக் குறைத்து, படப்பிடிப்பு அன்றைக்குத் தண்ணீரையும் அளந்து குடித்துக் காட்டுகிற தோற்றம் அது என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அரசாங்கமே போலீஸ் தேர்வில் என்ன பார்க்கிறது? மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். நுரையீரல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற அளவு அது. அழகு பார்க்கிற அளவு இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்த மாதங்களில் அவன் என்னை ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டான். உடை மாற்றுகிற பெரிய அறை, சுவரெல்லாம் இரும்புப் பெட்டிகள். அங்கே என் வயது வெள்ளைக்காரர்கள் பிறந்த மேனியாக நின்று பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான் நம்மூர் வழக்கப்படி துண்டைப் பல்லால் கடித்து உடை மாற்றியதைப் பார்த்து ஒரு கிழவர் சிரித்துக் கைதட்டினார். ஆனால் அதே அறையில் அந்த ஊர் இளைஞர்கள் பட்ட பாடு இருக்கிறதே! துண்டுக்குள் நெளிந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, கடைசியில் ஈர உடையோடேயே காருக்கு ஓடினார்கள். பல்லால் கடிக்கிற வித்தையும் தெரியாது, தாத்தாமார்களின் அலட்சியமும் இல்லை.

விசாரித்துப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. குளங்களில் 1960-கள் வரை பல ஊர்களில் ஆண்கள் உடையில்லாமல் நீந்துவதுதான் விதியே. கம்பளி நீச்சலுடையின் நூல் போய் வடிகட்டியை அடைக்கிறது, அழுக்கும் சேருகிறது என்று காரணம். 1926-ல் அவர்களுடைய பொதுச் சுகாதாரச் சங்கமே ஆண்கள் குளத்துக்கு அப்படித்தான் பரிந்துரைத்தது. பெண்களும் ஒரே குளத்துக்கு வரத் தொடங்கிய பின்பு அந்த வழக்கம் மறைந்தது, அது சரியே. ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளில் இன்றைக்கும் உடையோடு இறங்க விடமாட்டார்கள், ஆனால் முதலில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். எவ்வளவு துணி என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் ஆசாரப்படி எனக்கு அமெரிக்கக் கிழவர்களின் வழக்கம் ஒத்துவரவில்லை. ஆனால் அந்தக் கிழவர்கள் யாரும் தங்கள் தொப்பைக்காக அழவில்லை.

அழுகிற பிள்ளை ஒருவனை எனக்குத் தெரியும். இந்தப் பதிவை எழுத வைத்தவன் அவன்தான். என் தங்கை பேரன், பதினாறு வயது. இரண்டு வருஷமாக விளையாட்டு வகுப்புக்குப் போவதில்லை, நீச்சல் வேண்டாம், குடும்பத்தோடு அருவிக்கு வந்தாலும் காரிலேயே உட்கார்ந்துகொள்வான். பிடிவாதம் என்று எல்லாரும் திட்டினார்கள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மார்பு கொஞ்சம் பெண்பிள்ளை போலப் புடைத்திருக்கிறது. பள்ளியில் எவனோ தடவிப் பார்த்துக் கேலி செய்திருக்கிறான், இன்னொருவன் அதைப் போனில் பிடித்திருக்கிறான். பிள்ளை வலைத்தளத்தில் தேடி, ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரி, அதற்கு எவ்வளவு பணம் என்பது வரை பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டிருக்கிறான்.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பருவ வயதில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது ஆண்பிள்ளைகளில் ரொம்பப் பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானே வற்றிவிடும், அப்படியும் போகாவிட்டால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டபோது எனக்குப் படித்துறைதான் ஞாபகம் வந்தது. அந்த வயதில் அப்படி இருந்த பையன்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! "வயசுக் கோளாறுல, மீசை மொளைச்சா சரியாப் போவும்" என்று ஒரு பெரியவர் சொல்வார், பையன் தண்ணீரில் குதிப்பான். ஒரு வரியில் தீர்ந்த விஷயம், இந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷ ரகசியமாகிவிட்டது.

அவன் ஆபரேஷனோடு நின்றான், நல்ல காலம். இதே கவலையில் ஜிம்முக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. உடற்பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. கர்லாக்கட்டை சுற்றியும் தண்டால் எடுத்தும் வளர்ந்த ஊர்தான் இது. குறை சொல்வது அங்கே ரகசியமாகக் கைமாறுகிற ஊசியையும் மாத்திரையையும். ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், விரை சுருங்கும், உயிரணு குறையும், இதயமும் கல்லீரலும் கெடும். இதில் கொடுமை என்னவென்றால், ஊசியில் போன சரக்கில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறி, மார்பு பெண்களைப் போல வளர ஆரம்பிக்கும். எதை மறைக்க ஊசி போட்டானோ, அதையே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறான்.

பிள்ளைகள்தான் என்றில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், அடிவயிற்றுக்குக் கீழே குடலிறக்கத்தை ஆறு வருஷம் மறைத்து வைத்திருந்தார். மனைவிக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது. தொளதொளவென்று பேண்ட் போட்டே சமாளித்திருக்கிறார். ஒரு ராத்திரி குடல் வெளியே சிக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, வாந்தியும் வலியுமாக ஆம்புலன்ஸில் போனார். ஒரு முழக் குடலை வெட்டி எடுத்துத்தான் காப்பாற்றினார்கள். அவர் தினமும் துறையில் குளிக்கிறவராக இருந்திருந்தால் முதல் மாதமே யாராவது, "என்னவே, தொடையிடுக்குல புடைச்சுக்கிட்டு நிக்கி?" என்று கேட்டிருப்பார்கள். கேட்டதோடு விடமாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை தினம் கேட்பார்கள்.

பழைய துறையைத் திருப்பிக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. அந்த ஆறும் இல்லை, அந்தச் சாதித் துறையும் வேண்டாம். ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது. முதலாவது, போன். அந்தப் பையன்கள் மறைக்கிற காரணங்களில் நூற்றுக்கு நூறு நியாயமானது இது ஒன்றுதான். நாம் குளித்த காலத்தில் பார்த்தவன் மறந்துவிடுவான், இப்போது பார்க்கிறவன் கையில் கேமரா இருக்கிறது. அருவியில் எவனோ எடுக்கிற செல்பியில் பின்னால் நிற்கிற நம் முதுகும் வயிறும் எந்த ஊர் வாட்ஸ்அப்புக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? குற்றாலத்தில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் தேய்க்கத் தடை போட முடிந்ததே, குளிக்கிற இடத்திலும் உடை மாற்றும் அறையிலும் போனுக்கு ஏன் தடை போட முடியாது? நீச்சல் குளம் நடத்துகிறவர்கள், ஜிம் நடத்துகிறவர்கள் வாசலில் ஒரு பெட்டி வைத்துப் போனை வாங்கி வைக்க என்ன செலவு?

இரண்டாவது, நம் வயதுக்காரர்களின் வாய். கல்யாண வீட்டில் பையனைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன? "என்ன மாப்ளே, இப்படி ஊதிட்டே?" இல்லையென்றால், "என்னடே, எலும்பும் தோலுமா இருக்கே, வீட்டுல சோறு போடலையா?" இல்லையென்றால் "கறுத்துட்டியே". அன்பாகத்தான் கேட்கிறோம் என்பார்கள். துறையில் கேட்டவர் கோவணத்தோடு நின்று கேட்டார். இவர் பட்டுச்சட்டைக்குள் தன் தொப்பையை வைத்துக்கொண்டு, நாற்பது பேர் முன்னால் கேட்கிறார். இதை நிறுத்தினாலே பாதிப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து கல்யாணத்துக்கு வருவார்கள். தலைமையாசிரியர் நண்பருக்கும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் பேரனைத் "தக்காளி" என்று கூப்பிடுகிறவர்.

மூன்றாவது, அப்பாமார்கள். தங்கை மகனிடம் போன வாரம் போனில் சொன்னேன். "மாப்ளே, டாக்டர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். நீ ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, அவனையும் ஒரு துண்டைக் கட்டச் சொல்லி, பாபநாசம் பக்கம் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போ. அங்க தண்ணி இன்னும் நல்லாத்தான் இருக்கு. உன் தொப்பையை அவன் பார்க்கட்டும்" என்றேன்.

"லீவு கெடைக்க மாட்டேங்குது மாமா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பையனுக்கு நீட் கோச்சிங்காம்.